சனியும் ஞாயிறும்



வாரத்தில் ஐந்து நாள்களைப் பள்ளியும் கல்லூரியும் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய இரண்டு நாள்கள் யாருக்கு உரியவை? ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய காலத்தில் இந்த வினாவைப் பெற்றோர் பலரிடம் நான் கேட்டதுண்டு. தனிப்பயிற்சிக்கு உரியவை என்றனர் சிலர். தூக்கத்துக்கு உரியவை என்றனர் வேறு சிலர். அவர்கள் உண்மையை ஒளிக்காதவர்கள். இன்று கேட்டால் கைப்பேசிக்கு என்னும் விடையே மிகுதியாகக் கிடைக்கும் என்று அஞ்சுகிறேன். வீட்டுக்கு உரியவை என்று சொன்னவர் மிகச் சிலர்.

நான் வாழ்வது காஞ்சிபுரத்தில். பணி ஓய்வுக்குப் பின் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் ஆகியோரோடு ஒரே வீட்டில் இருக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. பேரனுக்கு வயது பதினொன்று, பேத்திக்கு எட்டு. சனி, ஞாயிறுகளில் நாங்கள் செய்வன மூன்றே. சேர்ந்து சமைக்கிறோம், சேர்ந்து ஊரைச் சுற்றுகிறோம், சேர்ந்து படிக்கிறோம். இவற்றில் புதுமை ஒன்றும் இல்லை. ஆயினும் இம்மூன்றின் வழியாகவும் குழந்தைகளுக்கு வீட்டில் எத்தகைய இடம் தரப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். குழந்தையைப் பெரியவர்களின் வேலையில் சேர்த்துக்கொள்வது ஒன்று. குழந்தையிடம் வேலை வாங்குவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அடுப்பங்கரைக்குச் செல்வோம்.

ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் விடுமுறை என்றால் தாயும் குழந்தைகளும் கேக் சுடுவார்கள். என் பேத்திக்கும் அந்த ஆசை உண்டு. எங்கள் வீட்டில் அடுமனை அடுப்பு இல்லை. இட்லிப் பானை இருக்கிறது. ஆகவே எங்கள் சனிக்கிழமைப் பலகாரம் காஞ்சிபுரம் இட்லி. கேக்குக்கும் இதற்கும் உறவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டிலும் மாவு வாயுவால் உப்புகிறது. இரண்டிலும் வெப்பம் அந்த உப்பலை நிலைநிறுத்துகிறது. ஒன்று உலர்ந்த சூட்டில் வேகிறது. மற்றொன்று நீராவியில் வேகிறது.

வரதராசப் பெருமாள் கோயிலில் பெருமாளுக்குப் படைக்கப்படும் இட்லிக்குக் குடலை இட்லி என்று பெயர். குடலை என்பது மூங்கிலால் முடைந்த கூடை. பூப்பறிக்கும் கூடைக்கும் இப்பெயர் வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். உருளை வடிவான நீண்ட குடலையின் உட்புறம் முழுவதும் உலர்ந்த மந்தாரை இலைகளைப் பரப்பி, அதில் மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வைப்பார்கள். வெந்தபின் இலையை உரித்தால் மந்தாரையின் மணம் இட்லியில் ஏறியிருக்கும். மாவில் பச்சரிசியும் உளுந்தும் சேர்கின்றன. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் ஆகியவை உடன் கலக்கின்றன. இதைத் துண்டு போட்டுத்தான் உண்ண வேண்டும்.

வீட்டில் குடலைக்கு மாற்றாக வெண்கலத் தம்ளரும் சிறு கிண்ணங்களும் உதவுகின்றன. அளவு வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் பச்சரிசி ஒரு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு. வெள்ளிக்கிழமை மாலையில் ஊறவைப்பது பேத்தியின் பொறுப்பு. ஆழாக்கில் தலைதட்டி அளப்பதையும், குவித்து அளந்தால் கணக்கு எவ்வாறு பிழைபடும் என்பதையும் அவள் எந்தப் பாடப்புத்தகத்திலும் கற்கவில்லை. இரவில் மாவரைப்பது என் மகன். ஆண்பிள்ளை மாவரைப்பதா என்று என் தலைமுறையில் கேட்பார்கள். என் பேரனுக்கு அந்தக் கேள்வியே விளங்காது. மாவு நறநறவென்று இருக்க வேண்டும். வெண்ணெய்போல் அரைத்தால் இந்த இட்லி அமையாது.

அரைத்த மாவைப் பாத்திரத்தில் பாதியளவு ஊற்றியதும், பாத்திரத்தின் வெளிப்புறத்தில் மாவின் மட்டத்துக்கு நேராகப் பேரன் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவான். காலையில் எழுந்ததும் அவன் முதலில் ஓடுவது அங்கேதான். மாவு கோட்டைக் கடந்து மேலே ஏறியிருக்கும். ஏன் ஏறியது? அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள், குறிப்பாக லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரிய இனம், மாவிலுள்ள சர்க்கரைப் பொருளை உண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. அமிலத்தால் புளிப்பு. வாயுவால் உப்பல். உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுக் குமிழிகளை ஓடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ரொட்டியில் இந்த வேலையைக் கோதுமையின் பசைத்தன்மை செய்கிறது. மார்கழிக் குளிரில் கோட்டுக்கு மேல் மாவு சிறிதளவே ஏறியதைக் கண்டு, "தாத்தா, அவற்றுக்கும் குளிருமா?" என்று கேட்டாள் பேத்தி. வெப்பம் குறைந்தால் நுண்ணுயிர்களின் பெருக்கமும் குறையும் என்பதை ஓர் ஆய்வுக்கூடம் இதைவிடத் தெளிவாகக் காட்டாது.

காலையில் தயிரும், பொடித்த மிளகும் சீரகமும், சுக்குத்தூளும், நெய்யும் கலந்து, நெய் தடவிய தம்ளர்களில் முக்கால் அளவுக்குள் மாவை ஊற்றி ஆவியில் வைப்பது மருமகளின் வேலை. அடுப்பருகே செல்லப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. வெந்துவிட்டதா என்று ஈர்க்கால் குத்திப் பார்க்கும் உரிமை மட்டும், பாத்திரத்தை இறக்கி வைத்தபின், அவர்களுக்கு உண்டு. அந்த உரிமைக்காக நிகழும் சண்டையைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை.

இனி அந்த வேறுபாட்டுக்கு வருகிறேன்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் காலை வேளையில் நடந்து சென்றால், வீட்டுக்குள்ளிருந்து தறியின் ஓசை தெருவுக்குக் கேட்கும். தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்வார்கள். காஞ்சிபுரப் பட்டுக்குப் பெருமை தந்தவற்றுள் ஒன்று கோர்வை என்னும் முறை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் ஊடை இழைகளால் ஒன்றோடொன்று பூட்டிப் பிணைப்பதே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளர் ஒருவரே மூன்றையும் எளிதில் ஆள முடியாது. அருகில் உதவிக்கு ஓர் ஆள் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். உடலைவிட நிறத்தில் மாறுபட்ட முந்தானையைப் பாவு இழைக்கு இழை இணைக்கும் பெட்னி என்னும் முறையிலும் கையுழைப்பு மிகுதி. இத்தகைய தனித்தன்மைகளால்தான் 2005ஆம் ஆண்டு காஞ்சிபுரப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அருகில் அமர்ந்த அந்த உதவி ஆள் யார்? நெடுங்காலம் அது ஒரு குழந்தையாகவே இருந்தது. மெல்லிய விரல்கள், குறைந்த கூலி, எதிர்த்துப் பேசாத வாய். சில இடங்களில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறியில் குழந்தை அமர்த்தப்பட்டது. கடன் தீரும்வரை குழந்தை எழ முடியாது. கடனோ எளிதில் தீராது. என் வகுப்பில் கணக்கில் முதல் மாணவனாக இருந்த ஒருவன் ஏழாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. வீட்டுக்குச் சென்று பார்த்தேன். தறிக்கு அருகில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், பிறகு நாடாவைப் பார்த்தான், உட்கார்ந்துகொண்டான். அவன் தந்தையைக் கடிந்து பேச எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் ஐந்து வயிறுகள் இருந்தன.

1986ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் முறைப்படுத்தும் சட்டம் வந்தது. 2009இல் நிறைவேறிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பள்ளியை உரிமையாக்கியது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயதுக்குக் குறைந்தோரை எத்தொழிலிலும் அமர்த்துதல் கூடாது என்று விதித்தது. ஆனால் பள்ளி நேரம் போக எஞ்சிய வேளையிலும் விடுமுறையிலும் தீங்கில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று ஒரு விலக்கும் அளித்தது. இந்த விலக்கைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பதைச் சட்டப் புத்தகம் வீட்டுக்குள் வந்து அளக்க இயலாது என்பதே என் தயக்கம்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஆதாரக் கல்வியைப் பற்றிக் கற்பித்தார்கள். கைத்தொழிலின் வழியாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாம் என்னும் அக்கொள்கையைக் காந்தியடிகள் 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்தார். நூற்கும் குழந்தை எண்ணவும் கற்கும். பஞ்சு எங்கிருந்து வந்தது என்று புவியியலும் கற்கும். அழகிய கொள்கை. ஆனால் 1953இல் இராசாசி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் தத்தம் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி நாடு அதை எதிர்த்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் கைத்தொழிலை இகழ்ந்தவர்கள் அல்லர். நெசவாளி மகன் நெசவாளியாகவே இருக்கட்டும் என்று பிறப்பே தீர்ப்பளிப்பதை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். அது நேரிய மறுப்பு என்றே நான் கருதுகிறேன்.

இதையெல்லாம் இட்லிக்கு நடுவே ஏன் சொல்கிறேன்? உங்களுள் பலருக்கு வீட்டில் செய்ய ஒரு வேலையும் இல்லை. அன்று சில குழந்தைகளுக்கு வேலையைத் தவிர வேறொன்றும் இல்லை. முன்னதைக் கண்டு வருந்தும் பெற்றோர் சிலர், "எங்கள் காலத்தில் நாங்கள் எவ்வளவு உழைத்தோம் தெரியுமா" என்று பெருமை பேசுவதைக் கேட்கிறேன். அந்தக் காலத்தை நான் அருகில் நின்று பார்த்தவன். அது திரும்ப வேண்டா. ஆழாக்கில் அரிசி அளக்கும் பேத்தி, சலித்தால் அளவையைக் கீழே வைத்துவிட்டு விளையாடப் போகலாம். அவள் போனால் வேறொருவர் அளப்பார். அதனால் வீட்டில் எவரும் பட்டினி கிடக்க மாட்டார். தறியருகே இருந்த என் மாணவனுக்கு அவ்வாறு எழுந்து போகும் உரிமை இல்லை. என் கண்ணுக்குப் புலப்பட்ட எல்லைக்கோடு அதுவே.

இனி வெளியே புறப்படுவோம். இட்லியைத் துண்டு போட்டு, எண்ணெய் விட்டுக் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, வாழையிலையில் கட்டிக்கொண்டால் பகலுணவு ஆயிற்று.

காஞ்சிபுரத்துக் கோயில்கள் அனைத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று பள்ளிச் சுற்றுலாக்கள் வருகின்றன. பேருந்திலிருந்து இறங்குவார்கள், வரிசையில் ஓடுவார்கள், மீண்டும் ஏறுவார்கள். என்ன பார்த்தாய் என்று கேட்டால் கோபுரம் என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும். அதிலும் ஒரு சுவர் போதும் என்பது என் கட்சி.

குழந்தைகளோடு செல்வதற்குக் கயிலாசநாதர் கோயிலைப் போன்ற இடம் அரிது. இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. மணற்கல்லால் ஆகியது, ஆகவே காற்றும் மழையும் சிற்பங்களின் முகங்களை அரித்திருக்கின்றன. திருச்சுற்று மதிலின் உட்புறத்தில் சிறு சிறு கோயில்கள் வரிசையாக, ஐம்பதுக்கு மேல், அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இருக்கிறது. பெரியவர்கள் குனிந்து பார்க்கும் உயரம், பிள்ளைகளுக்கு நேர்ப்பார்வை. அவற்றின் உட்சுவரில் பழைய வண்ண ஓவியங்களின் சிதைவுகள் காணப்படுகின்றன. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் 1931இல் இவற்றைக் கண்டறிந்தார். சுண்ணச் சாந்தின் மேல் ஒரு கண், ஒரு கைவிரல், ஒரு நகையின் கோடு. எஞ்சியதை நாமே எண்ணி நிரப்பிக்கொள்ள வேண்டும். பேத்தி வீட்டுக்கு வந்து அந்தக் கண்ணுக்கு ஒரு முகம் வரைந்தாள். பல்லவ ஓவியன் கண்டால் பொறுத்துக்கொள்வான் என்று நம்புகிறேன்.

அக்கோயில் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயிலில் கன்னடம் ஏன் என்று பேரன் கேட்டான். பல்லவரும் சாளுக்கியரும் தலைமுறை தலைமுறையாகப் பகைவர். மாமல்லன் சாளுக்கியர் தலைநகராகிய வாதாபியை வென்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். பழிவாங்க வந்தவன் இக்கோயிலைக் கண்டான். இதன் செல்வத்தைக் கொள்ளையிடாமல் கோயிலுக்கே திருப்பி அளித்தான். அதைத்தான் அந்தக் கல்வெட்டு கூறுகிறது. பின்னர் அவன் அரசி உலோகமாதேவி பட்டதகல்லில் கட்டுவித்த கோயிலில் இதன் சாயல் இருப்பதை அறிஞர் காட்டுவர். தோற்ற ஊரின் கலை வென்ற ஊருக்குச் சென்றது. போரைப் பற்றிய பாடங்களில் பெரும்பாலும் ஆண்டும் இடமும் மட்டுமே இருக்கும். இந்தத் தூணும் அவற்றில் ஒரு வரி பெற்றிருந்தால் நன்றாக இருக்கும்.

மற்றொரு சனிக்கிழமை வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குச் சென்றோம். அதன் சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவர் வரலாறு தொடர்ச்சியான சிற்பப் பலகைகளாகச் செதுக்கப்பட்டுள்ளது. படக்கதை படிப்பதுபோல் நடந்துகொண்டே படிக்கலாம். நாட்டுக்கு அரசன் இல்லாமற் போயிற்று. அமைச்சரும் பெரியோரும் புறப்பட்டு, பல்லவர் கிளையில் வந்த இரணியவர்மனிடம் சென்று, அவன் மக்களுள் ஒருவரை அரசனாக அனுப்புமாறு வேண்டினர். மூத்தவர்கள் மறுத்தார்கள். கடைக்குட்டி, நான் போகிறேன் என்றான். அவனுக்கு வயது 12. தந்தை தயங்கினார்; பெரியோர் தேற்றினர். காடும் மலையும் கடந்து காஞ்சி வந்து, இரண்டாம் நந்திவர்மன் என முடிசூடி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். அவன் கட்டிய கோயில்தான் இது. "எனக்கு அடுத்த ஆண்டு பன்னிரண்டு" என்றான் பேரன். அவன் தாய் அவன் காலணியின் வாரை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தாள்.

இச்சிற்பங்களை ஒழுங்காகப் படித்துப் பொருள் கண்டவர்களுள் முதன்மையானவர் முனைவர் சி. மீனாட்சி. பல்லவர் காலத்து ஆட்சியையும் சமுதாய வாழ்வையும் ஆராய்ந்து, பெண்கள் பல்கலைக்கழகம் செல்வதே அரிதாயிருந்த காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூலைத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே இளம் வயதில் மறைந்துவிட்டார். கல்லூரி மாணவியர் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இம்மண்டபத்தில் நாம் ஐந்து நிமிடத்தில் கடக்கும் சுவர்முன் அவர் எத்தனை நாள் நின்றிருப்பார்!

ஞாயிற்றுக்கிழமைகளில் சிலபோது சற்றுத் தொலைவு செல்வோம். காஞ்சிபுரத்திலிருந்து பேருந்தில் உத்திரமேரூர் செல்லலாம். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 921ஆம் ஆண்டு விதிப்படி, தேர்ந்தெடுக்கப்படுவோர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர்; அவர் உறவினரும் தகுதியற்றவர். இன்றைய மக்களாட்சியின் விதை என்று மேடைகளில் இதைப் புகழ்வார்கள். புகழலாம், ஆயினும் அது பிராமணர் சபை என்பதையும், நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம் இருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

என் பேரப்பிள்ளைகளைக் கவர்ந்தது வயதும் நிலமும் அல்ல. ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கியபின், அவற்றுள் ஒன்றை எடுப்பவர் யார் தெரியுமா? உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன். கற்றறிந்த பெரியோர் அத்தனை பேர் கூடிய சபையில், ஐயத்துக்கு இடமில்லாத கை அந்தச் சிறுவனின் கைதான் என்று கண்டிருக்கிறார்கள். அன்று இரவே வீட்டில் ஒரு குடமும் ஓலைக்கு மாற்றாகத் தாள் துண்டுகளும் வந்துவிட்டன. அடுத்த வாரம் என்ன பலகாரம் என்பது இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் குடவோலை முறையிலேயே முடிவாகிறது. எடுப்பது பேத்தி. அவள் விரும்பும் பலகாரமே மூன்று வாரம் தொடர்ந்து வந்ததால், கண்ணைக் கட்ட வேண்டும் என்று பேரன் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். 919ஆம் ஆண்டு விதியை 921இல் ஏன் திருத்தினார்கள் என்பது அவனுக்கு இனி விளக்கம் இன்றியே புரியும்.

படிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியது மிகுதி, நேரமோ குறைவு. இதே போன்ற வானொலிப் பேச்சு ஒன்றில், காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்து பின்னர்த் தமிழ்நாட்டின் முதலமைச்சரான அறிஞர் அண்ணா அவர்கள், வீட்டிற்கோர் புத்தகசாலை வேண்டும் என்று வலியுறுத்தினார். அப்பேச்சின் தலைப்பே அதுதான். அவர் வாழ்ந்த இல்லம் எங்கள் ஊரில் நினைவில்லமாக இருக்கிறது. புத்தகம் விலை கொடுத்து வாங்க இயலாத வீடுகளுக்காகவே பொது நூலகங்கள் உள்ளன. 1948ஆம் ஆண்டிலேயே, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டத்தை முதலில் கண்டது நம் மாநிலம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே உங்கள் பெற்றோர் செலுத்துகிறார்கள். அப்படியிருக்க நூலகத்துக்குச் செல்லாதிருப்பது, பணம் கொடுத்துவிட்டுப் பண்டத்தைக் கடையிலேயே விட்டுவருவதற்கு ஒப்பாகும்.

எங்கள் வீட்டில் படிப்பது என்றால் உரக்கப் படிப்பது. இரவு உணவுக்குப் பின் ஒருவர் படிக்க மற்றவர் கேட்போம். முறை மாறி மாறி வரும். தடுமாறினால் எவரும் சிரிக்கக் கூடாது. பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் என் அலமாரியில் இருக்கிறது. அதில் சில செய்திகள் பழையவாகிவிட்டன. அவற்றைத் தேடிப் பிடித்து இன்றைய செய்தியோடு ஒப்பிடுவது பேரனுக்குப் பெரு விளையாட்டு. தாத்தாவின் புத்தகத்தில் தவறு கண்டுபிடிப்பதைவிட இனிய விளையாட்டு வேறென்ன இருக்கிறது?

இப்போது படித்துவருவது கல்கி எழுதிய சிவகாமியின் சபதம். 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடர்கதையாக வந்தது. கதை தொடங்குவதே காஞ்சியை நோக்கி நடந்துவரும் இளைஞன் பரஞ்சோதியோடு. கல்வி கற்க வந்தவன் அவன். ஊரும் வீதியும் தெரிந்த பிள்ளைகள் ஆதலால் இடங்களைத் தேடுகிறார்கள். கயிலாசநாதர் கோயில் முற்றத்தில் நின்றபோது பேத்தி, "சிவகாமி இங்கேதானே தாத்தா நடனம் ஆடினாள்?" என்றாள். இக்கோயிலைக் கட்டிய இராசசிம்மன் மாமல்லனுக்குக் கொள்ளுப்பேரன். ஆகவே கதை நிகழும் காலத்தில் இந்தக் கற்கள் இங்கே அடுக்கப்படவில்லை என்றேன். மாமல்லன் உண்மையானவன், பரஞ்சோதி உண்மையானவன், சிவகாமி கல்கியின் கற்பனை என்றும் சொன்னேன். அவள் முகம் வாடிற்று. பிறகு சிறிது யோசித்து, "அப்படியானால் கல்கிக்கு மட்டும் அவளைத் தெரியும்" என்றாள். பயிற்சிக் கல்லூரியில் வரலாற்றுக்கும் புனைகதைக்கும் உள்ள உறவைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதில் இவ்வளவு தெளிவு இருந்ததாக நினைவில்லை.

ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்பது விதி. எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டாவது அத்தியாயம் இல்லை. சென்ற ஞாயிறு நிறுத்திய இடத்தில், பரஞ்சோதி ஓலையைச் சுமந்துகொண்டு, அசந்தா ஓவியங்களின் அழியாத வண்ணத்தின் மருமத்தை அறிந்துவரக் காஞ்சியிலிருந்து வடதிசை நோக்கிப் புறப்பட்டிருக்கிறான். வரும் சனிக்கிழமை இரவு வரை அவன் வழியிலேயே இருக்க வேண்டியதுதான்.